ஆறு இருபத்திரண்டுக்குக் கிளம்பும் கார்

பதினான்காயிரத்து எழுநூற்று அறுபது.

பட்டறைச் சுவரில் ஆணியில் குத்தித் தொங்கிய பில்லின் கடைசி வரி அது. கேம் சென்சார் மூன்று, ஒன்று மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கூலி மூன்று தடவைக்கு மூவாயிரம். இரண்டு மாதமாக அதில் ஒரு காசு குறையவில்லை. பணம் வரவேண்டிய வழியில் அன்று காலை கார்தான் வந்தது. அதுவும் கயிறு கட்டி இழுத்து.

சாம்பல் நிறக் கார். நான்காவது தடவை.

"இது பட்டறையா, மாமியார் வீடா? மாசத்துக்கு ரெண்டு தடவை வந்து படுத்துக்குதே!" என்றான் ஹாரன்.

ஹாரன் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். பஸ் கம்பெனி மூடிய பிறகு நாற்பது வயதில் ஸ்பேனர் பிடிக்க வந்தான். கைக்கு வேலை மாறியது, வாய் மட்டும் பஸ்ஸிலேயே இருந்தது.

பட்டறைக்காரருக்குப் பெயர் கண்ணாடி. மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று, எப்போதும் இரண்டு கண்ணாடி. காணாமல் போன ஓசையை, ஒளிந்திருக்கும் ஒழுக்கைக் கண்டுபிடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் பத்துக் கேள்வி கேட்பார். போலீஸ் ஸ்டேஷனில்கூட அத்தனை கேட்கமாட்டார்கள்.

கயிற்றை அவிழ்த்தது காரின் சொந்தக்காரியான தையற்காரம்மாவின் மகன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. கையில் அழுக்குப் பட்டதற்கே முகம் சுளித்தார்.

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு?" என்றார் மகன். "போன செவ்வாய்க்கிழமை அம்மா என் பொண்ணை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்தாங்க. ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. வண்டியை ஆஃப் பண்ணிட்டு நின்னிருக்காங்க. கேட் திறந்ததும் நாலஞ்சு தடவை சாவி போட்டதுல கிளம்பிச்சு. தண்டவாளத்துக்கு மேல போய் செத்துடுச்சு. பின்னால வந்த லாரிக்காரங்க நாலு பேர் இறங்கித் தள்ளினாங்க. தள்ளி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ரயிலுக்கு மணி அடிச்சுட்டான். என் பொண்ணுக்கு ஏழு வயசு."

ஹாரன் வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

கண்ணாடி பானெட்டைத் திறந்தார். நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். எஞ்சினின் தலைப்பக்கத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புச் சாமான். ஒரே ஒரு போல்ட், ஒரே ஒரு சாக்கெட். அதுதான் கேம் சென்சார். எஞ்சினுக்குள் சுற்றும் ஒரு தண்டு இந்த நொடி எங்கே நிற்கிறது என்று பார்த்து, வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது சொல்லாவிட்டால் எப்போது நெருப்புப் பொறி விடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

மூன்றாவது தடவை கண்ணாடியே தன் கையால் புது சென்சாரை மாட்டி, அதன் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்திருந்தார். அடையாளத்துக்கு.

இப்போது அங்கே புள்ளி இல்லை.

துணியால் துடைத்தார். நகத்தால் சுரண்டினார். நம்பர் தேய்ந்து, ஓரம் கருகி, குறைந்தது பத்து வருஷம் சூட்டில் வெந்த சாமான் அவரைப் பார்த்தது.

"என்ன தேடுறீங்க?" என்றார் மகன்.

வேறு ஆளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கண்ணாடிக்கு அது வராது. "நான் போட்ட சாமான் இதுல இல்லைங்க" என்றார்.

"அப்படிப் போடுங்க! நீங்களே ஒத்துக்கிட்டீங்க. புதுசுக்குப் பில்லு, பழசை மாட்டி அனுப்புறது. மூணு தடவையும் நான்தானே கொண்டுவந்து விட்டேன்! இன்னைக்கு ஒரு நாள் வண்டி இங்க கிடக்கட்டும். நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்குவான், பேசி முடிச்சாச்சு. அந்தப் பில்லுக்குப் பணமும் கிடையாது. டாக்ஸி ஸ்டாண்டுல உங்க பட்டறையைப் பத்தி நேத்தே சொல்லிட்டேன்."

கண்ணாடி தெருவைப் பார்த்தார். காலையில் ஆயில் மாற்ற வருவதாகச் சொன்ன இரண்டு டாக்ஸியும் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பட்டறையின் பாதி வயிறு அந்த ஸ்டாண்டை நம்பி இருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க" என்றார். "வண்டிக்காக இல்ல. பேருக்காக."

மகன் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தார்.

கண்ணாடி ஆணியிலிருந்து பில்லை எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு டயர்மேல் உட்கார்ந்து ஹாரனைப் பார்த்தார்.

"ரெண்டாவது தடவை மாத்தினது நீதானே?"

"ஆமாண்ணே."

"அன்னைக்குக் கழட்டினது எப்படி இருந்துச்சு?"

"அழுக்கும் எண்ணெயுமா இருந்துச்சு."

"அதுக்குப் பத்து நாள் முன்னாடி நான் புதுசு போட்டேன். பத்து நாள்ல அப்படி ஆகுமா?"

ஹாரனின் முகம் மாறியது. "புதுசை நான் வித்துட்டு பழசை மாட்டினேன்னு நினைக்கிறீங்களா?"

"மூணாவது தடவை நான் கழட்டினதும் அழுக்காத்தான் இருந்துச்சு. அப்பவே சந்தேகம் வந்துதான் புள்ளி வெச்சேன். உன்கிட்ட சொல்லலை."

"அண்ணே!"

"இரு. திருடன் புதுசை எடுப்பான், சரி. பதிலுக்கு மாட்ட அவனுக்குப் பழசு எங்கேருந்து கிடைச்சுது? நாம கழட்டுற பழைய சாமானை என்ன பண்றோம்?"

"புது சாமான் வந்த அட்டைப் பெட்டியிலயே போட்டு வண்டிக்காரங்க கையில கொடுத்துடுறோம். மாத்தியாச்சு, பாத்துக்குங்கன்னு. எங்க பாட்டன் காலத்திலிருந்து... இல்ல, உங்க பாட்டன் காலத்திலிருந்து வழக்கம்."

"மூணு தடவையும் கொடுத்தோம். ஒரே பழசு. மூணு தடவையும் வீட்டுக்குப் போய், திரும்பவும் எஞ்சினுக்கு வந்திருக்கு."

நெற்றியைத் தேய்த்தார். நாணயத்துக்காகச் செய்த காரியமே யாருக்கோ ஆயுதம் எடுத்துக் கொடுத்திருந்தது.

"அப்போ நான் திருடன் இல்லையா?" என்றான் ஹாரன்.

"இன்னும் முடிவாகலை. செல்ஃப் போடு."

வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. அணைத்தார்கள், போட்டார்கள். பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் சொன்னபடி கேட்டது. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால், கேம் சென்சாரிலிருந்து தகவல் அறுந்ததாகப் பழைய பதிவு மட்டும் கிடந்தது. இப்போது எல்லாம் சரி என்றது.

"எனக்குக் கல்யாணம் பேச வந்தப்ப நான் இருந்த மாதிரி இருக்கு" என்றான் ஹாரன். "அவ்வளவு ஒழுக்கம்."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. இது சாமான் கோளாறு இல்லண்ணே. தையற்காரம்மா வீட்டுக்காரர் ஆலையில பாய்லர் பாத்தவர். தினமும் ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும். இந்தம்மா காரைக் கொண்டுபோய் வாசல்ல நிப்பாங்க. அவர் கை கழுவி, சட்டை மாத்தி, எல்லாருக்கும் கடைசியா பக்கவாட்டுக் கதவு வழியா வர்றதுக்கு ஆறு இருபத்திரண்டு ஆகும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த பாய்லர் ரூம்லயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர், எழுந்திருக்கலை."

"தெரியும்."

"இது தெரியாது. அந்தம்மா இன்னும் தினமும் போறாங்க. ஆறு மணிச் சங்கு ஊதினதும் சாவியைத் திருப்புவாங்களாம். கிளம்பாது. ஆறு இருபத்திரண்டுக்குத் திருப்பினா உடனே கிளம்புமாம். அவர் வந்து ஏறினப்புறம்தான் வண்டி நகரும்னு ஆலைக் காவல்காரன் சொல்றான். சொல்லும்போது அவன் கையில முடி நட்டுக்கிட்டு நின்னுச்சுண்ணே, நான் பாத்தேன்."

கண்ணாடி எழுந்தார். முழங்கால் இரண்டும் தனித்தனியாகச் சத்தம் போட்டன. "ஒரு பாட்டில் தண்ணி எடு. ஒரு துண்டு எடு" என்றார். "போலாம்."

"எங்கே?"

"அவரைப் பாக்க."

தையற்காரம்மாவின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கி, அந்த அம்மா போகும் அதே வழியில், அதே வேகத்தில் போனார்கள். ஐந்து ஐம்பதுக்கு ஆலைச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி அணைத்தார் கண்ணாடி.

நீளமான சுவர். மேலே உடைந்த கண்ணாடித் துண்டுகள். பெரிய கதவு தள்ளி இருந்தது. வண்டிக்கு நேராக இருந்தது பக்கவாட்டுக் கதவு. பச்சை பெயிண்ட் உரிந்து, பூட்டு துருப்பிடித்து, அதன் படியில் இரண்டு வருஷத்துத் தூசி. அந்தத் தூசியில் காலடி எதுவும் இல்லை. ஹாரன் பின் சீட்டிலிருந்து அதை இரண்டு முறை சரிபார்த்தான்.

"முன்னால வந்து உக்காரேன்" என்றார் கண்ணாடி.

"மாட்டேன். சீட்டைப் பாருங்க."

டிரைவருக்குப் பக்கத்துச் சீட் கடைசி பல் வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. நெட்டைக்கால் ஆள் ஒருவர் உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி நடுவில் பள்ளம். காருக்குள் மட்டமான மஞ்சள் சோப்பின் வாசனை லேசாக இருந்தது, ஆலைகளில் கை கழுவ வைத்திருப்பார்களே, அந்த சோப்பு.

சங்கு ஊதியது.

பெரிய கதவு திறந்தது. ஆட்கள் வந்தார்கள், சைக்கிள்கள் வந்தன, யாரோ யாரையோ பெயர் சொல்லித் திட்டினார்கள். நான்கு நிமிஷத்தில் எல்லாம் வடிந்து தெரு காலியானது. இருட்டத் தொடங்கும் நேரம். காற்றுகூட அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

கண்ணாடி சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் சுற்றியது. சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஹாரன். அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "கதவைப் பாக்காதீங்க. அவர் சட்டை மாத்திட்டு இருப்பார்."

கண்ணாடி இறங்கி பானெட்டைத் தூக்கினார். குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சிரித்தார்.

"வண்டி ஓடும்போது காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். நிறுத்தினதும் காத்து நின்னுடும். எஞ்சின் சூடு முழுக்க மேல ஏறி இந்த மூடிக்குள்ள தேங்கும். ஓடும்போது இருக்கிற சூட்டைவிட, நிறுத்திப் பத்து நிமிஷம் கழிச்சு இருக்கிற சூடுதான் அதிகம். பழைய சென்சார் அந்தச் சூட்டுல மயங்கிடும். இன்னும் கால் மணி நேரம் போனா ஆறிடும், தெளிஞ்சுடும். பட்டறையில நாம நிறுத்தின உடனே போட்டோம், அதனால மயங்கலை. மார்க்கெட்டுல ஒரு மணி நேரம் நின்னாலும் மயங்காது. பத்து நிமிஷம் நின்னா மட்டும் மயங்கும். ரயில்வே கேட்டுல எவ்வளவு நேரம் நின்னிருப்பாங்க?"

"பத்து நிமிஷம்" என்றான் ஹாரன் மெதுவாக. "இங்கேயும் பத்து நிமிஷம்."

"பேய்க்கு கடிகாரம் கிடையாது. சூட்டுக்கு உண்டு."

சாக்கெட்டைத் தொடக் குனிந்தவர் கையை இழுத்துக்கொண்டார். காலையில் அவர் மேலே புள்ளியைத்தான் தேடினார், அடியில் பார்க்கவில்லை. பலமுறை கழற்றி மாட்டியதில் சாக்கெட்டின் கிளிப் உடைந்திருந்தது. உடைந்த இடத்தை யாரோ கட்டியிருந்தார்கள். மெக்கானிக் என்றால் டேப் சுற்றுவான். இது நூல். கருநீல நூல். குறுக்கே நாலு இழை, அதன் கழுத்தைச் சுற்றி இறுக்கமாக ஆறு சுற்று, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சு.

கண்ணாடி நிமிர்ந்தார். ஹாரனின் நெஞ்சையே உற்றுப் பார்த்தார்.

"என்னண்ணே? எனக்கும் சூடாயிடுச்சா?"

"மேலேருந்து ரெண்டாவது பட்டன். மத்ததெல்லாம் வெள்ளை நூல். இது மட்டும் கருநீலம். யார் தச்சது?"

"அந்தம்மாதான். போன தடவை வண்டி எடுக்க வந்தப்ப. பட்டன் தொங்குதேப்பா, கழட்டாமலே நில்லுன்னு சொல்லி, பையிலேருந்து ஊசி எடுத்து..."

ஹாரன் குனிந்து தன் பட்டனைப் பார்த்தான். பிறகு சாக்கெட்டைப் பார்த்தான். நாலு இழை. ஆறு சுற்று.

வாய் திறந்தபடி நின்றது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கண்ணாடி துண்டை பாட்டில் தண்ணீரில் நனைத்து சென்சார்மேல் போர்த்தினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. இன்னொரு முறை நனைத்தார். ஒரு நிமிஷம் எண்ணினார். உள்ளே கைவிட்டு சாவியைத் திருப்பினார்.

வண்டி கிளம்பியது.

"யார் கிளப்பினது?"

இருவரும் திரும்பினார்கள். சுவர் ஓரமாக அந்த அம்மா நின்றிருந்தார். வண்டி பட்டறையில் கிடப்பதால் நடந்தே வந்திருந்தார், செருப்பெல்லாம் புழுதி. அறுபதை ஒட்டிய வயது. கழுத்தில் அளவு டேப் தொங்கியது, எடுத்து வைக்க மறந்திருந்தார்.

"மணி ஆறு ஏழுதான் ஆகுது" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார். "அவர் இன்னும் வரலையே. யார் கிளப்பினது?"

கண்ணாடி எஞ்சினை அணைத்தார். துண்டைப் பிழிந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தையல் நல்லா இருக்கும்மா. அதுதான் காட்டிக் கொடுத்துடுச்சு."

அவர் மறுக்கவில்லை. வந்து, தன் காரின் பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"ஓட்டுற சீட்டுக்கு அடியில பாருங்க தம்பி."

ஹாரன் குனிந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். பட்டன் டப்பா. திறந்தால் பட்டன்களுக்கு நடுவே மூன்று புது சென்சார். ஒன்றின் தலையில் மஞ்சள் புள்ளி. கூடவே பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, கைப்பிடியில் துணி சுற்றியது.

"அக்கா," என்றான் ஹாரன், "இதைக் கழட்டி மாட்ட எனக்கே கால் மணி ஆகும்!"

"எனக்கு ஏழு நிமிஷம்" என்றார் அந்த அம்மா. ஒரு நொடி முகத்தில் பெருமை வந்து போயிற்று.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் கண்ணாடி.

அவர் முன் கதவைத் திறந்து, டேஷ்போர்டு அறையிலிருந்து பழைய காகிதங்களுக்கு அடியில் கைவிட்டு ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பிரிக்காத பெட்டி. அதே சென்சார். கடைக்காரனின் சீட்டில் தேதி, ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. பெட்டியின் ஒரு பக்கத்தில் பென்சிலால் படம்: எஞ்சின், போல்ட், அம்புக்குறி, 'பத்தாம் நம்பர்' என்று பாய்லர் ஆளின் கட்டைக் கையெழுத்து. மறுபக்கத்தில் இரண்டே வார்த்தை.

'இப்போது வேண்டாம்.'

"அவர் போனப்புறம் அவர் பெட்டியைக் காலி பண்ணும்போது கிடைச்சுது" என்றார் அந்த அம்மா. "கல்யாணமான புதுசுல எனக்குப் பொறுமையே கிடையாது தம்பி. சங்கு ஊதிப் பத்து நிமிஷம் பாப்பேன், வரலைன்னா கிளம்பிப் போயிடுவேன். பழைய காருலேயும் அப்படித்தான், இதுலேயும் அப்படித்தான். எத்தனை நாள் பின்னாலேயே நடந்து வந்திருக்கார், ஒரு வார்த்தை கேட்டதில்ல. அப்புறம் ஒரு வருஷம் இந்த வண்டி கோளாறு பண்ண ஆரம்பிச்சுது. அவர் வந்தாத்தான் கிளம்பும். என்னய்யா இது அநியாயம்னு கேட்டா, அதுக்கு என்மேல பாசம்னு சிரிப்பார். கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சிருக்கார். சாமானும் வாங்கிட்டு வந்திருக்கார். போடலை. ஏழு வருஷம் என்னை இந்தச் சுவரோரம் உக்கார வெச்சுட்டார் தம்பி, ஒரு சண்டை இல்லாம."

ஹாரன் மெல்லச் சொன்னான்: "என் பொண்டாட்டிக்கு மட்டும் இது தெரிஞ்சா என் பைக் ஆயுசுக்கும் கிளம்பாது."

யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கவைக்கச் சொல்லவும் இல்லை.

"அவர் போன அன்னைக்கும் ஆறு மணிக்குத் திருப்பினேன், கிளம்பலை" என்றார் அந்த அம்மா. "ஆறு இருபத்திரண்டுக்குத் திருப்பினேன். கிளம்பிடுச்சு. அவர் ஏறிட்டார்னுதான் நினைச்சேன். கியர் போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா சீட்டு காலி. அதே நேரத்துல உள்ளேருந்து ரெண்டு பேர் ஓடி வர்றாங்க." டேப்பை விரலில் சுற்றினார். "வண்டி கிளம்பிச்சே தம்பி. அது எப்படிப் பொய்யாகும்? நீங்க புதுசு போட்ட நாளெல்லாம் ஆறு மணிக்கே கிளம்புது. ஆறு மணிக்கே கிளம்பினா, அவரை விட்டுட்டுப் போறேன்னுதானே அர்த்தம்?"

கண்ணாடி இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். அழுக்குத் துண்டில் துடைத்ததால் மேலும் மங்கின.

"அவர் இருந்தப்ப இது நிறுத்தினாத்தான் மயங்கும். இப்போ ஓடும்போதே சாகுது" என்றார். "தண்டவாளத்துமேல அதுதான் நடந்துச்சு. அவர் எழுதினது 'இப்போது வேண்டாம்'னு. எப்பவும் வேண்டாம்னு எழுதலையே."

"பாப்பா பின்னால உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தா" என்றார் அந்த அம்மா. "லாரிக்காரங்க தள்ளுறது அவளுக்கு விளையாட்டு. அன்னையிலேருந்து நான் தூங்கலை. மூணு ராத்திரி ஸ்பேனரைக் கையில எடுத்தேன். கை போகலை."

அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்தார்.

"நான்தான்டா" என்றார் மகனிடம். "இரும்புக்காரனை வரவேண்டாம்னு சொல்லு. வண்டியை நான்தான் கெடுத்தேன். மூணு தடவையும் புதுசைக் கழட்டிப் பழசை மாட்டினது நான்... ஆமா, நான்தான்... ஏன்னு வீட்டுக்கு வந்து சொல்றேன், உக்காந்து கேக்கணும். அதுக்கு முன்னாடி நீ டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போ. நேத்து எவ்வளவு சத்தமா சொன்னியோ அதே சத்தத்துல, பட்டறைக்காரர்மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டு வா. நான் வர்றதுக்குள்ள."

அந்தப் பக்கத்திலிருந்து "பத்திரமா வாங்கம்மா" என்று மட்டும் கேட்டது.

அந்த அம்மா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஒன்பது வருஷத்துப் பெட்டியைத் தானே பிரித்தார். ஹாரன் போன் வெளிச்சத்தைப் பிடித்தான். நூலை அறுத்து, போல்ட்டைக் கழற்றி, பழையதை உருவி, புருஷன் வாங்கி வைத்ததைப் பொருத்தி, மறுபடியும் நூல் சுற்றி முடிச்சுப் போட்டார். ஆறரை நிமிஷம்.

"முடிஞ்சுது. மணி ஆறு பதினெட்டு. இன்னும் நாலு நிமிஷம்" என்று ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தார்.

ஹாரன் கண்ணாடியின் காதில் முணுமுணுத்தான்: "ஆறு இருபத்திரண்டுக்குத் திருப்பினா பழசேகூட கிளம்பியிருக்கும். இது சரியாயிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

சரியான கேள்வி. தப்பான நேரம். ஆனால் அவன் முணுமுணுப்பு எப்போதும் தெருக்கோடி வரை கேட்கும்.

அந்த அம்மா சாவியைப் பார்த்தார். பச்சைக் கதவைப் பார்த்தார். அவர் கை சாவியிலேயே இருந்தது, திரும்பவில்லை. ஆயிரம் எஞ்சின்களுக்கு முன்னால் காது வைத்து நின்ற கண்ணாடி அன்றுதான் முதல்முறையாக, இது கிளம்பவேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

சாவி திரும்பியது.

ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. சீரான, பழுதில்லாத ஓசை.

அந்த அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். கியரில் கை வைக்கவில்லை.

"போலாமாக்கா?" என்றான் ஹாரன்.

"இருப்பா. இப்போ வண்டி என்னைப் பிடிச்சு வைக்கலை. நாலு நிமிஷம் நானே நிக்கிறேன்."

கண்ணாடி முன் கதவைத் திறந்தார். பள்ளம் விழுந்த சீட்டைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் ஹாரனை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"முன்னால சீட்டு காலியாத்தானேண்ணே இருக்கு?"

"இருக்கட்டும்."

அந்த அம்மா பட்டன் டப்பாவைப் பின்னால் நீட்டினார். "உங்க மூணு சாமானையும் எடுத்துக்குங்க தம்பி. கீறல்கூட இல்ல. அது கணக்கில கழிஞ்சுடும். மிச்சம் கூலி மூவாயிரம்."

"அதைப் பத்தி இப்போ என்னம்மா."

"பேசாம எப்படி? நீங்க மூணு தடவை மாட்டினீங்க. நான் மூணு தடவை கழட்டினேன். ரெண்டும் ஒரே வேலை. என்னோடது கொஞ்சம் வேகம். கூலிக்குக் கூலி சரியாப் போச்சு."

"இது அநியாயம்" என்றான் ஹாரன்.

"உன் பட்டனுக்குக் கூலி இன்னும் போடலை" என்றார் அந்த அம்மா.

ஹாரனுக்கு வாயடைத்துப் போயிற்று. ஒரே நாளில் மூன்றாவது தடவை.

கைக்கடிகாரத்தில் ஆறு இருபத்திரண்டு. காலியாக இருந்த முன் சீட்டுக்கு அடியில் ஸ்ப்ரிங் ஒரு முறை முனகியது. கார் அந்தப் பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்த மாதிரி இருந்தது.

ஹாரன் கண்ணாடியின் முழங்கையை எலும்பு வலிக்கப் பிடித்தான்.

"பழைய ஸ்ப்ரிங்" என்றார் கண்ணாடி.

"அதுக்கும் கடிகாரம் உண்டாண்ணே?"

அந்த அம்மா பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் கியரைப் போட்டார். மஞ்சள் சோப்பின் வாசனை ஒரு கணம் தூக்கலாக வந்து, வண்டி நகர்ந்ததும் காற்றில் கரைந்தது.

கண்ணாடி சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து, முழங்காலில் விரித்து, பதினான்காயிரத்து எழுநூற்று அறுபதின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வண்டி குலுங்கியதில் கோடு கோணிக்கொண்டு போயிற்று. அதற்குக் கீழே, இரண்டு கண்ணாடியும் மங்கலாக இருந்தபடியே, எழுதினார்: பாக்கி இல்லை.